பிஸ்டன் பம்ப் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பிஸ்டன் பம்ப் என்று பொதுவாகச் சொன்னாலும், தொழிற்சாலைகளில் உயர் அழுத்தத்துக்குப் பூட்டப்படுபவை பெரும்பாலும் மூன்று பிளஞ்சர்கள் (முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரைத் தள்ளும் தண்டுகள்) கொண்ட பம்புகளே. கழுவும் பணி, பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுதல், குழாய்களின் அழுத்தச் சோதனை, ஆர்.ஓ. நிலையம் என்று எங்கே இருந்தாலும், அவற்றில் வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரு சில வகைக்குள்தான் அடங்குகின்றன. புகார் வந்தவுடன் ஸ்பேனரை எடுத்து வால்வு மூடியைக் கழற்றுவது பழுது பார்ப்பவர்களிடம் ஊறிப்போன பழக்கம். ஆனால் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சிக்கல் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆகையால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும், செலவின்றிப் பார்க்கக்கூடிய காரணத்தில் தொடங்கி, பம்பைப் பிரிக்க வேண்டிய காரணத்தில் முடியும்படி வரிசை அமைத்திருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்பதை மட்டும் நம்பிப் போல்ட்டைத் தளர்த்தக் கூடாது, ஏனெனில் கேஜின் துளை அடைத்திருந்தாலும் முள் பூஜ்யத்தையே காட்டும். டெலிவரி பக்கத்து, அதாவது தண்ணீர் வெளியேறும் பக்கத்து, டிரெயின் வால்வைத் திறந்து, தண்ணீர் வழிந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே அழுத்தம் இல்லை என்று கொள்ள வேண்டும்.

ஓடும்போது ஊசித்துளைக் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். உயர் அழுத்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால், வெளியே தெரியும் காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

ஓடும் பம்பின் டெலிவரி வால்வை ஒருபோதும் மூடக் கூடாது. பிளஞ்சர் தள்ளிய தண்ணீர் போக வழியில்லாவிட்டால், எது பலவீனமோ அது உடையும் வரை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதற்காகத்தான் ரிலீஃப் வால்வு இருக்கிறது. பொதுவாக அது இயங்கும் அழுத்தத்தைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக அமைக்கப்படும். சொட்டுகிறது என்பதற்காக ரிலீஃப் வால்வின் வாயை அடைத்து வைத்த பம்புகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வேறு எதையும் ஆராய வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பம்ப் நன்றாக ஓடும் நாளில் சக்ஷன் (தண்ணீர் உள்ளே வரும் பக்கம்) அழுத்தம், டெலிவரி அழுத்தம், மோட்டார் ஆம்பியர், ஆயில் சூடு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்னும் ஐந்தையும் குறித்து வையுங்கள். பழுதான நாளில் ஒப்பிட வேறு எதுவும் இருக்காது. லிட்டர் கணக்கு இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளலாம். பிளஞ்சர் விட்டம் 30 மி.மீ., ஸ்ட்ரோக் (பிளஞ்சர் ஒருமுறை ஓடும் தூரம்) 40 மி.மீ., நிமிடத்துக்கு 700 சுற்று என்றால், மூன்று பிளஞ்சர்களும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 59 லிட்டர் தள்ளும். நடைமுறை இழப்பு 5 சதவீதம் போக 56 லிட்டர் கிடைக்க வேண்டும். 200 லிட்டர் டிரம்மை வைத்துப் பிடித்தால் அது சுமார் மூன்றரை நிமிடத்தில் நிறைய வேண்டும். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்த அளவுள்ள, 150 பார் அழுத்தத்தில் ஓடும் பம்பை வைத்தே சொல்லப்படுகின்றன.

அறிகுறி 1: பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, சக்ஷன் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, ஸ்டிரெயினர் வலை அடைத்திருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். இவற்றைப் பார்க்கும்போது பம்ப் நிற்க வேண்டும். தண்ணீரின்றி ஓடும் பம்பில், பிளஞ்சரைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் சில நிமிடங்களுக்குள் கருகத் தொடங்கும். செராமிக் பிளஞ்சராக இருந்தால், வெறுமனே ஓடிச் சூடேறியிருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தவுடன் விரிசல் விட்டுவிடும்.

மூன்றும் சரியென்றால் அடுத்து ஐயப்பட வேண்டியது காற்று அடைப்பு. பம்புக்குள் காற்று நிற்கும்போது டெலிவரி பக்கத்தில் அழுத்தமும் இருந்தால், பிளஞ்சர் அந்தக் காற்றை அமுக்கி அமுக்கி விடுமே தவிர வெளியே தள்ளாது. பைபாஸை (தண்ணீரை அழுத்தமின்றித் திருப்பிவிடும் வழியை) முழுதாகத் திறந்து, தண்ணீர் பீய்ச்சும் நாசில் இருந்தால் அதைக் கழற்றி, அழுத்தமில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டால், குமிழியாகப் பொங்கி வந்து பிறகு தண்ணீர் சீராகும். டேங்க் பம்புக்குக் கீழே இருந்தால், இரவில் தண்ணீர் இறங்கிவிடாமல் சக்ஷன் குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு பிடித்து நிற்கிறதா என்றும் பாருங்கள். காலையில் மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் ஃபுட் வால்வுக் கோளாறுதான்.

நெடுநாள் ஓடாமல் கிடந்த பம்பில் வால்வுகள் உப்புப் படிந்து சீட்டோடு (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும், பாகம் எதுவும் மாற்ற வேண்டியிருக்காது.

புல்லி சுற்றியும் பிளஞ்சர்கள் அசையவில்லையென்றால் உள்ளே கிராங்க் ஷாஃப்டோ கனெக்டிங் ராடோ முறிந்திருக்கும். அங்கே நிறுத்திவிட்டுப் பணிமனையைக் கூப்பிடுங்கள்.

சுழற்சித் திசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்ட்ரிஃபியூகல் பம்பில் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் தண்ணீர் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிஸ்டன் பம்ப் எந்தத் திசையில் சுற்றினாலும் அதே அளவு தண்ணீரைத் தள்ளும் என்பதால் தவறு யார் கண்ணிலும் படாது. ஆயில் தெறித்து எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே சேராமல், கனெக்டிங் ராடையும் பிளஞ்சரையும் இணைக்கும் கிராஸ்ஹெட் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். மோட்டார் கேபிளைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் கிராங்க்கேஸின் (கிராங்க் ஷாஃப்டும் ஆயிலும் உள்ள பெட்டி) மேலுள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

அறிகுறி 2: தண்ணீர் வருகிறது, அழுத்தம் ஏறவில்லை

அதிகமாக வரும் புகார் இது. அதிகமான பாகங்கள் தேவையின்றி மாற்றப்படுவதும் இதில்தான். கேஜைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், நாசில் வழியே வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து அளந்துவிடுங்கள். அந்த ஓர் அளவிலேயே வழி இரண்டாகப் பிரியும்.

*தண்ணீர் முழு அளவு வருகிறது என்றால்*, பம்ப் தன் வேலையைச் செய்கிறது. அழுத்தத்தை உண்டாக்குவது தண்ணீர் எதிர்கொள்ளும் தடைதான், அந்தத் தடை குறைந்திருக்கிறது. நாசில் துளையின் விட்டம் 10 சதவீதம் தேய்ந்தாலே பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அதே அளவு தண்ணீருக்கு 150 பார் காட்டிய இடத்தில் ஏறக்குறைய 100 பார்தான் நிற்கும். கண்ணுக்குப் புதிதுபோலத் தெரியும் நாசில்கூட இப்படித் தேய்ந்திருக்கலாம் என்பதால், புது நாசில் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே சோதனை. அப்போதும் முள் ஏறாவிட்டால் வேறொரு கேஜை மாட்டிப் பாருங்கள். பம்பைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

*தண்ணீர் குறைவாக வருகிறது என்றால்*, குறைந்த தண்ணீர் வேறு எங்கோ போகிறது, அல்லது பம்ப் அதைத் தள்ளவே இல்லை. ரிலீஃப் வால்வு, அன்லோடர் (நாசில் மூடியிருக்கும்போது தண்ணீரைத் திருப்பிவிடும் வால்வு) இரண்டின் திரும்பு குழாய்களையும் டேங்கிலிருந்து வெளியே எடுத்து, கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வாளிக்குள் விட்டு, பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். நாசில் திறந்திருக்கும்போதும் அதில் தண்ணீர் ஓடினால் அந்த வால்வின் சீட் அரித்துவிட்டது, அல்லது இடையில் ஏதோ துகள் சிக்கியிருக்கிறது. வெளியே எடுக்க முடியாத குழாயானால் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பார்க்கலாம்; கசியும் வால்வுக்குப் பின்னால் உள்ள குழாய் சுற்றியுள்ள குழாய்களைவிடச் சூடாக இருக்கும்.

திரும்பு குழாய் வறண்டிருந்தால் பெல்ட்டுக்கு வாருங்கள். புல்லிகளின் மையங்களுக்கு இடையே ஒரு மீட்டர் தூரம் இருந்தால், பெல்ட்டை நடுவில் அழுத்தும்போது சுமார் 16 மி.மீ. உள்ளே போக வேண்டும். பளபளத்துப்போன பெல்ட், புல்லிப் பள்ளத்தின் அடியைத் தொடும் பெல்ட் இரண்டும் வழுக்கும். பல பெல்ட்டுகள் ஓடும் புல்லியில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புதிய பெல்ட் ஒன்றே சுமை முழுவதையும் இழுத்துச் சீக்கிரம் கெடும். டாக்கோமீட்டர் இருந்தால் சுற்றுகளை அளந்துவிடலாம், ஊகம் வேண்டியதில்லை.

பெல்ட்டும் சரியென்றால் ஸ்டிரெயினர், சக்ஷன் குழாய், அதன் மூட்டுகள் ஆகியவற்றை அறிகுறி 4-இல் சொல்லியபடி பாருங்கள். அதற்கும் பிறகுதான் வால்வுகள்.

மூன்றில் ஓர் அறையின் வால்வு முற்றிலும் பிடிக்காமல் போனால் தண்ணீர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும், கேஜ் முள்ளும் துடிக்கத் தொடங்கும். எந்த அறை என்று கண்டுபிடிக்க மூன்று மூடிகளையும் திறக்க வேண்டியதில்லை. நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை ஒவ்வொரு வால்வு மூடியின் மீதும் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், நல்ல வால்வு சுருக்கமாக அடித்து மூடும், கசியும் வால்வில் அந்த அடியோடு சேர்ந்து சீறல் கேட்கும். அறைக்குள் அதே தண்ணீர் முன்னும் பின்னும் போய்வருவதால் அந்த மூடி மற்ற இரண்டையும்விடச் சூடாகவும் இருக்கும்.

பம்பை நிறுத்தி அழுத்தத்தை இறக்கி அந்த மூடியைத் திறந்ததும், வால்வை விரல்களுக்கு இடையே சுழற்றி, சீட்டில் உட்காரும் வளையத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வளையம் ஒரே நிறத்தில், அறுபடாத மெல்லிய கோடாக இருக்கும். கெட்டுப்போனதில் நகத்தால் கீறியதுபோல் குறுக்கே ஒரு பள்ளம் ஓடும். உயர் அழுத்தத் தண்ணீர் அந்த நூல் அகல வழியே பாய்ந்து உலோகத்தை அறுத்த தடம் அது. ஸ்பிரிங்கைப் புதிய ஸ்பிரிங்கோடு நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். ஐயமிருந்தால் வால்வைச் சீட்டோடு வைத்து மேலே மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடங்கள் பாருங்கள், அடியில் ஈரம் தெரிந்தால் அது பிடிக்கவில்லை. லேசான தேய்வை லேப்பிங் பேஸ்ட் போட்டு உரசிச் சரிசெய்யலாம். பள்ளம் விழுந்ததை உரசிக்கொண்டிருப்பது வீண் வேலை.

மற்ற வால்வுகளையும் மாற்ற வேண்டுமா என்பது காரணத்தைப் பொறுத்தது. வயதால் தேய்ந்திருந்தால், அறைக்கு இரண்டாக உள்ள ஆறையும் சேர்த்து மாற்றிவிடுவதே மேல், மற்றவையும் அதே வயதுடையவைதாம். வெல்டிங் துகளோ மணலோ சிக்கி ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றி, அந்தத் துகள் எந்த வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள்.

அறுப்பு சீட்டைத் தாண்டிப் பம்ப் உடலின் உலோகத்திலேயே விழுந்திருந்தால், புதிய சீட் அங்கே உட்காராது. அதைக் கடைசல் பட்டறையில்தான் சரிசெய்ய முடியும், பல நேரங்களில் அந்த உடலையே மாற்ற நேரும். சீட் இறுகிப் போய்ப் புல்லரால் வராதபோதும் உளி வைத்து அடிக்காமல் பணிமனைக்கு அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி 3: கேஜ் முள் ஆடுகிறது, குழாய் அதிர்கிறது

மூன்று பிளஞ்சர் பம்பின் தண்ணீர் ஓட்டத்தில், எல்லாம் சரியாக இருக்கும்போதே உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே சுமார் 23 சதவீத வேறுபாடு இருக்கும். ஆகவே முள் சற்றே நடுங்குவது கோளாறன்று. கிளிசரின் வடிந்துபோன கேஜில் அது பெரிதாகத் தெரியும், கேஜை மாற்றினாலே புகார் தீர்ந்துவிடும்.

முள் தாறுமாறாக, தாளமின்றித் துள்ளினால் காற்று. சீரான தாளத்தில் அகலமாகத் துடித்தால் ஏதோ ஓர் அறையின் வால்வு. அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். இரண்டும் இல்லாமல் குழாய் மட்டும் உதறினால், கிளாம்புகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு டெலிவரி பக்கத்து டாம்ப்பனரை (துடிப்பைத் தணிக்கும் நைட்ரஜன் கலம்) சோதியுங்கள். அதன் நைட்ரஜன் அழுத்தத்தைப் பம்பை நிறுத்தி, குழாயின் தண்ணீர் அழுத்தத்தை முழுதாக இறக்கிய பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தத்தையே வாயுவின் அழுத்தமாகப் படித்துவிடுவீர்கள். பொதுவாக அது இயங்கும் அழுத்தத்தில் 50 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கும், தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லியிருப்பதே இறுதி. வாயு வால்வை அழுத்தும்போது தண்ணீர் எட்டிப் பார்த்தால் உள்ளே பிளாடர் (வாயுவையும் தண்ணீரையும் பிரிக்கும் பை) கிழிந்துவிட்டது. நைட்ரஜன் நிரப்புவதை அதற்கான கருவியும் பயிற்சியும் உள்ளவரிடம் விடுங்கள். ஆக்சிஜனோ கம்ப்ரசர் காற்றோ அதில் ஒருபோதும் போகக் கூடாது.

அறிகுறி 4: தட்டும் சத்தம், கரகரப்பு

சத்தம் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வருகிறதா, கிராங்க் பக்கத்திலிருந்து வருகிறதா என்று பிரிப்பதே இங்கே முதல் வேலை. சக்ஷனில் அழுத்தத்தைக் கூட்ட வழியிருந்தால் கூட்டியோ, வேகத்தைக் குறைக்க வழியிருந்தால் குறைத்தோ பாருங்கள். சத்தம் மறைந்தால் தண்ணீர்ப் பக்கம். அப்படியே நின்றால் கிராங்க் பக்கம்.

*தண்ணீர்ப் பக்கம் என்றால்*, சரளைக்கல் உருள்வதுபோல் கரகரத்தால் பம்புக்குத் தண்ணீர் பற்றவில்லை. பிளஞ்சர் இழுக்கும் வேகத்துக்குத் தண்ணீர் வந்து சேராமல், அறைக்குள் ஆவிக் குமிழிகள் தோன்றி உடனே நசுங்கும் சத்தம் அது. காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்: ஸ்டிரெயினர், பாதி திறந்த வால்வு, உறிஞ்சலில் சப்பிப் போகும் மெல்லிய ஹோஸ், வழக்கத்தைவிடச் சூடான தண்ணீர், ஒரே குழாயிலிருந்து இழுக்கும் இன்னொரு பம்ப். சப்பிப் போகும் ஹோஸ் ஏமாற்றும். பம்பை நிறுத்தியதும் அது பழைய வடிவத்துக்கு வந்துவிடும்; ஓடும்போது கையால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

இவை எதுவும் இல்லாவிட்டால் குழாயின் அமைப்பே தவறாக இருக்கலாம். சக்ஷன் குழாயில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டருக்குள் இருப்பது நல்லது. நிமிடத்துக்கு 56 லிட்டர் தள்ளும் நம் பம்புக்கு 50 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் போட்டால் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டரை ஒட்டி நிற்கும். பம்பின் வாய் 25 மி.மீ. இருக்கிறதே என்று அதே அளவுக் குழாயைப் பூட்டினால் வேகம் நான்கு மடங்காகிவிடும். குழாய் நீளமாகவோ எல்போக்கள் நிறைந்தோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொருத்துபவர்கள் வாயின் அளவையே குழாயின் அளவாக எடுத்துக்கொள்வது மிகப் பரவலான பிழை. இதில் மாட்டிய பம்ப் புதிதாக வந்த நாளிலிருந்தே கரகரக்கும், ‘இந்தப் பம்பின் சத்தமே இப்படித்தான்’ என்று எல்லோரும் பழகியும் போவார்கள். குழாயை மாற்றும்போது பெரிய அளவிலிருந்து சிறிய வாய்க்கு இறங்கும் ரெடியூசர் ஒருபக்கம் தட்டையான வகையாக இருக்க வேண்டும், அந்தத் தட்டைப் பக்கம் மேலே வர வேண்டும். இல்லாவிட்டால் மேல் மடிப்பில் காற்று தங்கி, அவ்வப்போது ஒரு மொத்தையாகப் பம்புக்குள் இறங்கும்.

கரகரப்பு ஒழுங்கில்லாமல் வந்து வந்து போனால் சக்ஷன் மூட்டு ஏதோ ஒன்று காற்றை இழுக்கிறது. அங்கே உள்ளே உறிஞ்சல் இருப்பதால் தண்ணீர் வெளியே சொட்டாது; கண்ணால் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டியான சோப்பு நுரையை மூட்டு மூட்டாகத் தடவிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் நுரை ஒரு புள்ளியை நோக்கிக் குழிந்து உள்ளே போகும், அதே நேரத்தில் பம்பின் சத்தமும் மாறும். ஸ்டிரெயினர் மூடியின் ஓ-ரிங்தான் முதலில் ஐயப்பட வேண்டிய இடம், அடிக்கடி திறந்து மூடப்படுவது அதுவே.

கரகரப்பு இல்லாமல் தெளிவான ஒரு தட்டல் ஓர் அறையிலிருந்து மட்டும் வந்தால் வால்வு ஸ்பிரிங் முறிந்திருக்கும். திறந்து பார்த்து, முறிந்த துண்டுகள் முழுவதையும் எடுத்துவிட்டீர்களா என்று சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே மூடுங்கள்.

*கிராங்க் பக்கம் என்றால்*, முதலில் பம்புக்கு வெளியே உள்ளதைப் பாருங்கள்: புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சாவி (கீ) தளர்ந்திருக்கலாம், அடித்தளப் போல்ட் தளர்ந்திருக்கலாம். அடுத்து, பிளஞ்சரைப் பிடித்திருக்கும் போல்ட். அதுவும் இறுக்கமாக இருந்தால், மெயின் சுவிட்ச் பூட்டியிருக்கும் நிலையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சிறிது முன்னும் பின்னும் அசைத்து, பிளஞ்சர் உடனே தொடர்கிறதா, சற்றுத் தாமதித்துத் தொடர்கிறதா என்று கவனியுங்கள். தாமதம் இருந்தால் கிராஸ்ஹெட் பின்னோ கனெக்டிங் ராட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஆயிலைச் சிறிது வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள். மினுமினுக்கும் துகள் தெரிந்தால் பம்பை மறுபடி ஓட்ட வேண்டாம். உற்பத்தி நிற்கிறதே என்று இன்னும் ஒரு ஷிஃப்ட் ஓட்டுவதன் விலை பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்டாக இருக்கும். பேரிங் இடைவெளி அமைப்பதற்கு அளவுக் கருவிகள் வேண்டும், இது பணிமனை வேலை.

அறிகுறி 5: பிளஞ்சர் பக்கம் தண்ணீர் ஒழுகுகிறது

உங்கள் பம்பின் பேக்கிங் எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். கிளாண்ட் நட்டை (பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் நட்டு) இறுக்கக்கூடிய வகையில், நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விழுவதுதான் சரியான நிலை, அந்தச் சொட்டே பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. ஒழுக்கு கூடினால் பம்பை நிறுத்தி, நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு மட்டும் இறுக்கி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மீண்டும் இறுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்கிச் சொட்டை நிறுத்தினால் பேக்கிங் காய்ந்து, பிளஞ்சர் சூடாகி இரண்டும் சேர்ந்து போகும். ஸ்பிரிங் தாங்கிய வி-வடிவப் பேக்கிங்கில் இறுக்குவதற்கே இடமில்லை; ஒழுகினால் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது பிளஞ்சர் மேல் விரல் நகத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டுப்பட்டால் பிளஞ்சரையும் சேர்த்து மாற்றுங்கள். கீறல் விழுந்த பிளஞ்சரில் புதிய பேக்கிங் நெடுநாள் நிற்காது. வி-வடிவப் பேக்கிங்கின் விரிந்த உதடு அழுத்தம் வரும் பக்கத்தை, அதாவது தண்ணீர் அறையை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஓட்டிய உடனே ஒழுகும். பேக்கிங் உட்காரும் துளையே அரித்து முட்டை வடிவமாகியிருந்தால், அதைக் கடைந்து புஷ் போடும் வேலை பட்டறைக்குரியது.

அறிகுறி 6: கிராங்க்கேஸ் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறது

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே ஆயிலை வடித்து மாற்றுங்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங்குகள் துருப்பிடித்துக் கெடும். வழி எது என்பதை அடுத்துப் பாருங்கள். பம்பு மீதே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடங்களில் அது பிரீதர் (கிராங்க்கேஸின் காற்றுத் துளை) வழியாகவோ ஆயில் மூடி வழியாகவோ போயிருக்கும். குறைந்த நேரம் ஓடி நெடுநேரம் நிற்கும் பம்புகளில் காற்றின் ஈரமே உள்ளே படிந்து சேரலாம். இரண்டும் இல்லையென்றால் பேக்கிங் ஒழுகும் தண்ணீர், பிளஞ்சர் தண்டு வழியே ஊர்ந்து ஆயில் சீலைத் தாண்டுகிறது. பேக்கிங்கை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் அதே கோளாறு திரும்பி வரும். தண்டில் சீல் உராயும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய சீலும் பிடிக்காது, தண்டையும் மாற்ற வேண்டும்.

புதிய பம்பில் முதல் ஆயிலை 50 மணி நேரத்திலும், அதன்பின் 500 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்வது பல தயாரிப்பாளர்களின் வழக்கம். அளவுக்கு மேல் ஊற்றினால் ஆயில் நுரைத்து, சீல் வழியே கசியும். அதையும் பழுது என்று எண்ணிப் பிரிப்பவர்கள் உண்டு.

அறிகுறி 7: பம்ப் அளவுக்கு மேல் சூடாகிறது

தண்ணீர்ப் பக்கம் மட்டும் சூடானால் பைபாஸ் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். அது டேங்குக்குப் போகாமல் பம்பின் வாய்க்கே திரும்பும்படி இணைத்திருந்தால், நாசில் மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடேறிப் பேக்கிங்கைத் தின்னும். திரும்பு குழாயை டேங்குக்கு, அதுவும் சக்ஷன் வாய்க்கு எதிர்ப்புறத்துக்குக் கொண்டுபோங்கள்.

கிராங்க்கேஸ் ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆயில் அளவு, ஆயிலின் கிரேடு, சுழற்சித் திசை, மிகையாக இறுக்கிய பெல்ட் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரே ஒரு பேரிங் பகுதி மட்டும் மற்ற இடங்களைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் பம்பை நிறுத்திவிட்டுப் பணிமனையைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 8: மோட்டார் டிரிப் ஆகிறது

மின்சாரப் பக்கத்தை முதலில் முடித்துவிடுங்கள்: மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் இருக்கிறதா, ஆம்பியர் மூன்றிலும் ஏறக்குறையச் சமமா என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். அது சரியென்றால் அழுத்தத்தை யாராவது கூட்டினார்களா என்று விசாரியுங்கள். நிமிடத்துக்கு 56 லிட்டர், 150 பார் என்றால் இரண்டையும் பெருக்கி 600 ஆல் வகுத்து 14 கிலோவாட். இயந்திர இழப்பைச் சேர்க்க 0.85 ஆல் வகுத்தால் சுமார் 16.5 கிலோவாட். 18.5 கிலோவாட் மோட்டார் இதைத் தாங்கும். அழுத்தத்தை 180 பாருக்கு ஏற்றினால் தேவை ஏறக்குறைய 20 கிலோவாட் ஆகிவிடும், மோட்டார் டிரிப் ஆவதில் வியப்பில்லை. சென்ட்ரிஃபியூகல் பம்பில் டெலிவரி வால்வைக் குறுக்கினால் சுமை குறையும் என்று பழகியவர்கள் இங்கும் அதையே செய்து பார்ப்பார்கள். இதில் குறுக்கினால் அழுத்தமும் சுமையும் ஏறும். பாதி அடைத்த நாசிலும் அதே விளைவைத் தரும்.

தொடங்கும்போது மட்டும் டிரிப் ஆனால் பைபாஸ் திறக்காமல் சுமையோடு தொடங்குகிறீர்கள். பைபாஸைத் திறந்து ஓட்டும்போதும் ஆம்பியர் குறையவில்லையென்றால், மிகையாக இறுக்கிய கிளாண்ட்டையும் அதன்பின் பேரிங்குகளையும் பாருங்கள். கையால் சுற்றும்போதே புல்லி ஓரிடத்தில் பிடித்தால் மேற்கொண்டு ஓட்டிப் பார்க்காமல் பிரிக்கக் கொடுங்கள்.

அறிகுறி 9: மாற்றிய பாகமே மீண்டும் மீண்டும் கெடுகிறது

கெட்டுப்போன பாகங்களைத் தூக்கி எறியாமல், தேதி எழுதிக் கட்டி வையுங்கள். வால்வின் முகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு சிறு குழிகள் நிறைந்திருந்தால் தண்ணீர் பற்றாக்குறை. அறிகுறி 4-இல் சொன்ன சக்ஷன் வேலையை முடிக்காமல் இன்னொரு வால்வு வாங்க வேண்டாம். பிளஞ்சரில் நீளவாக்கில் கோடுகள் விழுந்தால் தண்ணீரில் மணல் அல்லது துரு வருகிறது, வடிகட்டியை மாற்ற வேண்டும். பேக்கிங் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பிளஞ்சர் நேர்கோட்டில் ஓடவில்லை; கிராஸ்ஹெட்டோ அதன் வழியோ தேய்ந்திருக்கும். பேக்கிங் கருகிக் கெட்டியாகியிருந்தால் பம்ப் எப்போதோ தண்ணீரின்றி ஓடியிருக்கிறது. டேங்கில் மட்டம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். ஸ்பிரிங் மட்டும் அடிக்கடி முறிந்தால் வேகத்தையும், தண்ணீரில் ஸ்பிரிங்கின் உலோகத்தை அரிக்கும் வேதிப்பொருள் உண்டா என்பதையும் பாருங்கள்.

இவற்றில் எதுவும் பொருந்தாமல் அதே அறையில் அதே பாகம் மூன்றாம் முறை போனால், அந்த அறையின் உடலில் மெல்லிய விரிசல் இருக்க வாய்ப்புண்டு. டை பெனட்ரன்ட் (சாயம் தடவி விரிசலைக் காட்டும்) சோதனை செய்யும் பணிமனையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் உறுதியானால் வெல்டிங் வைத்து ஓட்ட எண்ணாமல் உடலையே மாற்றிவிட வேண்டும். பணிமனைக்குக் கொண்டுபோகும்போது பம்போடு கட்டி வைத்த பழைய பாகங்களையும், நல்ல நாளில் குறித்த ஐந்து அளவுகளையும், இப்போதைய அளவுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.